ஓர் எழுத்தால் நேரான சாலை

என் வயதை ஒத்த நண்பர்களே, ஒரு பெருஞ்சாலை இடுவதற்கு முன்பு அதன் வழித்தடத்து மண்ணைத் தோண்டிப் பார்த்து, பழம்பொருள் ஏதேனும் புதைந்திருக்கிறதா என்று ஆராய்கிறார்கள் என்ற செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, நம் மாலைச் சந்திப்பில் ஒருவர், "நம் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கேட்டார். நான் அன்று வாய் திறக்கவில்லை. விடை தெரியாததால் அல்ல. நம் காலத்திலும் அது இருந்தது. எங்கும் இல்லாவிட்டாலும் ஓரிடத்தில் இருந்தது. அந்த இடத்தில், பத்து வயதுச் சிறுமியாக, நான் இருந்தேன்.

என் தமிழ் உச்சரிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் என்னிடம் பயின்றவர்கள் அதற்கு அஞ்சியதும் உண்டு. பேச்சுப் போட்டிகளில் நடுவராக நான் அமர்ந்தால் லகர ளகர ழகரங்களில் ஒருவருக்கும் சலுகை கிடைத்ததில்லை. அதைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பெயர் எனக்கு முதன்முதலில் எப்படிக் கிடைத்தது என்பதை எங்கும் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு அப்போது மந்தைவெளியின் தென்கோடியில் இருந்தது. அதற்கு அப்பால் தென்னந்தோப்பும் கீரைப்பாத்திகளும். அவற்றையும் தாண்டினால் அடையாறு. இன்று ராஜா அண்ணாமலைபுரம் என்று நீங்கள் அறிந்த இடத்தின் ஒரு மூலைதான் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. அரிசி இன்னமும் பங்கீட்டில்தான் வந்தது. பட்டாளத்து லாரிகள் ஓடி ஓடிப் பழைய சாலைகள் குண்டும் குழியுமாகிவிட்டிருந்தன. மயிலாப்பூரிலிருந்து தெற்கே செல்லும் போக்குவரத்துக்கு அகலமான புதிய சாலை ஒன்று தேவை என்று முடிவாகி, அதற்குப் பொறியாளராக என் அப்பா நியமிக்கப்பட்டார்.

அப்பாவின் மேசைமீது அந்தச் சாலையின் வரைபடம் விரிந்தே கிடக்கும். மெழுகு பூசிய நீலத் துணியில் வரைந்தது. கையால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும், முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். வடக்கிலிருந்து தெற்காக, அடிக்கோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. தரையிலும் அதே கோட்டைச் சுண்ணாம்பில் போட்டு, சிவப்புத் துணி கட்டிய மூங்கில்களை நட்டிருந்தார்கள். அந்தக் கோடு தோப்பைக் கடந்து, ஆற்றங்கரை மேட்டிலிருந்த முப்பது நாற்பது குடிசைகளின் நடுவே சென்றது. அங்கே வசித்தவர்கள்தாம் சாலைக்கு மண் வெட்டிச் சுமந்தவர்களும். தங்கள் கூரையைப் பிரிக்கப் போகிற சாலைக்குத் தாங்களே கூடை தூக்கினார்கள். எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தென்படவில்லை. அப்பாவுக்கும் தென்பட்டதாகத் தெரியவில்லை.

வேலை தொடங்கிய வாரத்திலேயே மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தோப்பில் ஒரு தென்னங்குழி வெட்டியபோது பழைய ஓடுகள் கிடைத்ததாக யாரோ எழுதியிருந்தார்களாம். ஆகவே பழம்பொருள் ஆய்வாளர் ஒருவர் வந்து தடம் முழுவதையும் பார்த்துச் சொன்ன பிறகே சல்லி கொட்டலாம் என்றிருந்தது.

அப்பா உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "ரோடு போடறவன் பூமியைக் கேட்டுண்டா போடுவான்? நாலு ஓட்டாஞ்சில்லுக்காக நாலு வாரம் போச்சு."

ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், கறுப்புத் தொப்பி, கித்தான் காலணி. ராயப்பேட்டையில் பல தலைமுறைகளாகத் தோல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பத்தவர்; வீட்டில் உருது, வெளியில் தமிழ். அந்தத் தமிழைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேசிய தமிழுமன்று, வேலையாட்கள் பேசிய தமிழுமன்று; கற்றுத் தெளிந்து, ஒவ்வோர் எழுத்தையும் எடை போட்டு வைப்பதுபோல் பேசுவார். அவருடைய ழகரம் போன்ற ஒன்றை நான் பள்ளியில்கூடக் கேட்டதில்லை. வேலையாட்கள் அவரைச் சாயபு என்றார்கள்.

கோடை விடுமுறை. அப்பாவுக்குச் சிற்றுண்டி கொண்டுபோனவள், ஆய்வாளரின் கித்தான் பந்தலின் கீழ் உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வேலை கொடுத்தார். கிடைக்கும் ஓடுகளைத் துணிப்பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். குழியின் எண், ஆழம், ஓட்டின் நிறம். இரும்பு நிப்பைக் கறுப்பு மையில் தோய்த்து, "கறுப்பும் சிவப்பும், வாய்விளிம்பு, மூன்றடி" என்று நான் எழுதுவேன். அந்த நிப்புப் பேனாவைப் பிற்பாடு எங்கோ தொலைத்தேன்.

அவர் வேலை செய்த விதம் எனக்கு வியப்பாக இருந்தது. சுண்ணாம்புக் கோட்டின் நெடுகிலும் முளையடித்து நூல் கட்டி, இருபது தப்படிக்கு ஒரு சதுரக் குழி வெட்டச் செய்வார். அரையடி வெட்டியதும் நிறுத்தச் சொல்லி, குழியின் பக்கச் சுவரைக் கரண்டியால் செதுக்கி, மண்ணின் நிறம் மாறும் இடங்களில் கோடு கீறுவார். வெட்டிய மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும். நனைந்த களிமண்ணின் குளிர்ந்த வாடை பந்தல்வரை வரும்.

நண்பகலில் தம் டிபன் பெட்டியைத் திறந்து தனியே உண்பார். அம்மா மோர் கொடுத்தனுப்புவாள், ஒரு பீங்கான் கோப்பையில். "கோப்பையைக் கொல்லை மதில் மேலயே கவுத்து வெச்சுடு, உள்ள எடுத்துண்டு வராதே" என்பாள். அந்தக் கோடை முழுவதும் அது மதில்மேல்தான் வெயில் காய்ந்தது. அவர் ஒவ்வொரு நாளும் அதைத் துலக்கி, "அம்மாவிடம் என் நன்றியைச் சொல்" என்று என்னிடம் நீட்டுவார்.

மண் சலித்தவர்களில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். மேட்டுக் குடிசைகளில் முதல் குடிசை அவளுடையது. மற்றப் பெண்களெல்லாம் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு சீட்டைப் பார்ப்பாள்.

"இன்னா எயுதிக்கினு கீறே, பாப்பா?"

"எயுதறது இல்ல. எழுதறது."

"அத்தத்தான் நானும் சொன்னேன்."

"நீ சொல்லல. ழன்னாவுக்கு யன்னா சொன்னே. பழத்தைப் பயம்னு சொல்றே, கோழியைக் கோயின்னு சொல்றே."

"ரெண்டயும் துன்னா ஒரே ருசிதான் போ" என்று சொல்லிவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். இத்தனைக்கும் 'அகத்தில்' என்ற சொல்லை 'ஆத்துல' என்று தேய்த்துப் பேசிய குடும்பம்தான் எங்களுடையது. அதை யாரும் பிழை என்று திருத்தியதில்லை என்பது எனக்கு உறைக்க நெடுங்காலம் ஆயிற்று.

குடிசைகளை ஒட்டி ஒரு பூவரச மரம் நின்றது. அதன் அடியில் வெட்டிய குழியில், நான்கடி ஆழத்தில், வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது. நான் இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்க முடியாத வாய். ஆய்வாளர் குழிக்குள் இறங்கி, தூரிகையால் மண்ணைத் தள்ளத் தொடங்கியவர் ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. வேலையாட்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். சீட்டுகளோடு நானும் நின்றேன். அவர் உள்ளிருந்தபடியே சொன்னார்: "தாழி. இது தாழி. இனி இங்கே யாரும் கடப்பாரை போடக் கூடாது. தாழியின் மேல் கால் படக் கூடாது."

சலிக்கும் பெண் குனிந்து கேட்டாள். "இன்னா சாயபு சொல்றே? உள்ள தாயியா கீது?"

அவர் தூரிகையை நிறுத்தவில்லை. "ஆமாம் அம்மா, தாழிதான்."

"நெசமாவா?"

"சந்தேகமே இல்லை. தாழியேதான். உள்ளே எலும்பும் இருக்கும். மிகப் பழையது, எனக்கும் உனக்கும் முன்னே, இந்த ஊருக்கும் முன்னே."

அவள் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகத் தலைத்துணியை எடுத்தார்கள். ஆய்வாளர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், வெயிலில் வியர்வை துடைக்கிறார்கள் என்று எண்ணினேன்.

மறுநாட் காலை நாங்கள் போனபோது குழியின் நான்கு மூலைகளிலும் வேப்பிலைக் கொத்து நட்டிருந்தது. விளிம்பைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த பெண்கள் கூடையை மரத்தடியில் இறக்கிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணிலிருந்து தாயி வந்திருக்கிறாள், அவள்மேல் சாலை போகக் கூடாது, நாங்கள் மண்வெட்டி தொடமாட்டோம் என்றார்கள் வேலையாட்கள்.

அப்பா வெகுண்டார். "சாமி பேரைச் சொல்லிண்டு எடத்தை மடக்கப் பாக்கறா. நேத்து வரைக்கும் பானையா இருந்தது, இன்னிக்கு எப்படிச் சாமியாச்சு?" ஆய்வாளருக்கும் ஒன்றும் புரியவில்லை. மஞ்சளைத் துடைக்கவும் அவர் துணியவில்லை, தோண்டவும் துணியவில்லை. பந்தலில் உட்கார்ந்து பழைய சீட்டுகளையே திரும்பத் திரும்ப அடுக்கினார்.

ஆயினும் வழிபாட்டிடம் ஒன்று குறுக்கே வந்தால் சாலையை ஒதுக்கிப் போடுவதுதான் அக்காலத்து வழக்கம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பா வரைபடத்தில் சிவப்புக் கோட்டிலிருந்து பிரிந்து, கிழக்கே தோப்புக்குள் வளைந்து, குடிசைகளைத் தாண்டி மீண்டும் கோட்டோடு சேரும்படி பென்சிலால் புள்ளிகள் வைத்தார். அந்த வளைவின் உட்புறத்தில் மரமும் குழியும் இருந்தன. முப்பது நாற்பது குடிசைகளும் இருந்தன. மேலதிகாரி வந்து பார்த்து ஒப்பினால் அதுவே சாலை.

அந்தச் செய்தி மேட்டுக்குத் தெரிந்திருந்தது. சலிக்கும் பெண் என்னிடம் வெற்றிலைக் காவி ஏறிய பல் தெரியச் சிரித்தாள். "பாத்தியா பாப்பா, தாயி எங்களக் காலி பண்ண வுடமாட்டா."

அந்த வாக்கியத்தில்தான் எனக்கு விளங்கிற்று. பயம், கோயி, எயுத்து, தாயி. எனக்கு உள்ளம் துள்ளியது. ஒரு கணக்கின் விடை கண்டுபிடித்தவளைப் போல் வீட்டுக்கு ஓடினேன். ஆனால் அன்று யாரிடமும் சொல்லவில்லை. தக்க இடத்தில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மேலதிகாரி காரில் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் பிரம்பு. குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சாமின்னு யார் சொன்னா?" என்று கேட்டார்.

சலிக்கும் பெண் முன்னே வந்தாள். "தோ, இந்த சாயபுதான் சொன்னாரு, தொரை."

ஆய்வாளர் திடுக்கிட்டார். "நான் எப்போது அம்மா அப்படிச் சொன்னேன்?"

"உள்ள குந்திக்கினு தொடச்சியே, அப்போ. தாயியான்னு கேட்டேன். ஆமா தாயிதான்னே. கால் படக்கூடாதுன்னே. இப்ப இல்லேன்னா எப்டி சாயபு? நீ நல்ல மன்சன்."

அதிகாரியின் முகம் மாறிற்று. ஆய்வாளர் பக்கம் திரும்பி, "அளக்க வந்த எடத்துல சாமி உண்டாக்கறதும் உங்க வேலையா?" என்றார். அந்த ஆண்டுகளில் அவரைப் போன்ற ஒருவர்மீது அப்படியொரு குற்றச்சாட்டு என்ன செய்யும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்தது இவ்வளவே: அவர் பொய்யராக்கப்படுகிறார், உண்மை என்னிடம் இருக்கிறது.

நான் பந்தலிலிருந்து வெளியே வந்தேன். "அவர் தாழின்னுதான் சொன்னார். தாழின்னா செத்தவாளைப் பொதைக்கிற பெரிய பானை. இவாளுக்கு ழ வராது. தாழின்னா தாயின்னு கேக்கறது. அதான் சாமியாயிடுத்து."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரித்தார். "இப்படி வா. தாழின்னு சொல்லு, பாப்போம்" என்று பிரம்பால் சலிக்கும் பெண்ணை அழைத்தார் அதிகாரி.

"தாயி."

"தா... ழி."

"தா... யி."

எல்லாரும் சிரித்தார்கள். மேட்டுக் குழந்தைகளும் சிரித்தன. அவள் மூன்றாம் முறையும் சொன்னாள். நாக்கை எங்கே வைப்பது என்று தேடுவது அவள் முகத்தில் தெரிந்தது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சரி தொரை, எனுக்கு வாய் திரும்பல. உள்ள எலும்பு கீதுன்னு சாயபு சொன்னாரா இல்லியா? அது ஒருத்தி பெத்த எலும்பு. இல்லாங்காட்டி, பெத்தவளோட எலும்பு. தாயின்னு சொன்னா இன்னா தப்பு?"

ஆய்வாளர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அவள் சொல்வதில் தவறில்லை, ஐயா. இது ஈமக்காடு. இந்த மேடு முழுவதும் தாழிகள் இருக்கலாம். அதன் பொருட்டும் சாலையை வளைக்கலாம்."

"கோயில்னா வளைக்கலாம். பானையை எடுத்துண்டு போயிடலாமே" என்றார் அதிகாரி. காரில் ஏறும்முன் என் கன்னத்தைத் தட்டினார்.

அன்று மாலை அப்பா பென்சில் புள்ளிகளை ரப்பரால் அழித்தார். துணியில் தங்கிய துகளை ஊதித் தள்ளியது நான்.

"எம் பொண்ணு ஒரே எழுத்தால ரோட்டை நேராக்கிட்டா" என்று அப்பா அதற்குப்பின் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். என் திருமணத்திலும் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே நான் தமிழ் படித்தேன் என்றாலும் மிகையாகாது. அவர் என்னை நேசித்ததால் சொன்னார். அவருடைய நினைவில் அந்த மேட்டில் ஒரு கோடு மட்டுமே இருந்தது, வேறெவரும் இல்லை.

தாழியை எடுக்க ஆய்வாளருக்கு நான்கு நாட்கள் ஆயின. நனைத்த கோணியும் துணியும் சுற்றி, வைக்கோல் திணித்து, கயிற்றில் தூக்கியபோதும் மூன்றாகப் பிளந்தது. உள்ளே இறுகிய மண். அதில் வெளிறிய சிறு எலும்புகள். எவருடையவை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கடைசிச் சீட்டை எழுத என்னை அழைத்தார். "தாழி என்று எழுது" என்றார். எழுதினேன். சற்று யோசித்து, "பின்புறத்தில், ஊரார் வழக்கு தாயி என்றும் எழுது" என்றார்.

"அது தப்பு" என்றேன்.

"தெரியும். எழுது."

நான் எழுத மறுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. என் பேனாவை வாங்கி, கோணல்மாணலான தம் எழுத்தில் தாமே எழுதிப் பைக்குள் வைத்தார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. சைக்கிளில் போனவரை நான் பிறகு கண்டதில்லை. கல்லூரி நாட்களில் அருங்காட்சியகத்தில் தாழிகளின் வரிசையைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. சீட்டு எதிலும் இல்லை.

மறுவாரம் மேட்டைக் காலி செய்தார்கள். பட்டணத்துக்கு வெளியே, ஏரிப்பக்கம் இடம் கொடுத்திருப்பதாகப் பேச்சு. மாட்டு வண்டிகள் எங்கள் தெரு வழியாகப் போயின. மூங்கில், மடித்த ஓலை, அடுப்புக் கல், கூடையில் கோழி. அம்மா உள்ளே வரச் சொன்னாள். நான் வாயிற்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வண்டியின் பின்னால் நடந்து வந்த சலிக்கும் பெண் என்னைக் கண்டதும் நின்றாள். திட்டுவாள் என்று கம்பியை விட்டுப் பின்வாங்கினேன்.

"பாப்பா, அந்த வார்த்தையச் சொல்லு."

"எந்த வார்த்தை?"

"அதான், பானைக்கு இன்னாவோ சொன்னியே. போற எடத்துலயும் நாங்கதானே மண்ணு தோண்டணும். இன்னொரு வாட்டி எதுனா வந்துச்சுன்னா, ஒயுங்கா சொல்லணும் பாரு."

அவள் பரிகாசம் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். நானும் உண்மையாகவே சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நாக்கின் நுனியைச் சுருட்டி மேலே கொண்டுபோக வேண்டும், அண்ணத்தைத் தொடக் கூடாது என்றேன். வாயைத் திறந்து காட்டினேன். "தாழி."

"தாயி."

"இல்ல. தாழி."

முன்னாலிருந்து யாரோ அவளை அழைத்தார்கள். அவள் ஓடிப்போய் நகரும் வண்டியின் பின்பலகையில் என்னைப் பார்த்தவாறே ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தின் ஓசையில் குரல் கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு முறை சொல்லிவிட்டும், சரியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். தெரு திரும்பும் வரை அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறையும் நான் வாயிலில் நின்று, இல்லை என்று தலையசைத்தேன்.